பம்பளிமாஸ் யார் வீட்டுப் பழம்?

ஆபீஸில் ஒருத்தர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கன்னம் உப்பிப்போய், வாய் திறக்க முடியாமல், சைகையிலேயே ஃபைல் கேட்கிறார். பக்கத்து சீட் ஆசாமி சும்மா இருப்பாரா?

"என்ன சார், மூஞ்சி பம்பளிமாஸ் மாதிரி ஆயிடுச்சு!"

மொத்த செக்ஷனும் சிரிக்கும். பல் போனவர் மட்டும் சிரிக்க மாட்டார் (முடியாது!). சரி, சிரித்தவர்களில் எத்தனை பேர் பம்பளிமாஸைச் சாப்பிட்டிருக்கிறார்கள்? கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். பத்துக்கு இரண்டு கை எழும்பினால் அதிகம். மீதிப் பேருக்கு அது ஒரு வசவு, அவ்வளவுதான். பழத்தை மறந்துவிட்டு அதன் பெயரை மட்டும் திட்டுவதற்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். பாவம், ஆரஞ்சுக்கும் சாத்துக்குடிக்கும் பாட்டன் முறை ஆகிற பழம் அது!

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே கொண்டுபோய் விடுகிறது தெரியுமா? சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் பழவேற்காட்டுக்கு.

பொன்னேரி வரை ரயில். அங்கிருந்து பஸ். இறங்கியதும் மீன் வாசனை வந்து கைகுலுக்கும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரமும் கடல்வாய் முகத்துவாரமும் நம் பக்கம். நடுவில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் குப்பத்துப் பிள்ளைகள் வீட்டு வாசலில் இருந்தே ஓசியில் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த ஊர் ஒரு காலத்தில் டச்சுக்காரர்களின் சோழமண்டலக் கரைத் தலைநகரம். 1610-ல் அனுமதி வாங்கினார்கள், 1613-ல் கோட்டை கட்டினார்கள். பெயர் கெல்ட்ரியா. 1690-ல் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை இங்கேதான் எல்லாம். நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள், நம் நெசவாளர்கள் நெய்த துணியை மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றி பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். துணியைக் கொடுத்து அங்கே கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வியாபாரிகளின் கதையில் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போகிற வழக்கம் நமக்கு உண்டு.

கடைசியில் 1825-ல் ஊரை வெள்ளைக்காரனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று அகழியும் முள்புதரும்தான். ஆனால் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஜோராக இருக்கிறது. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள் வரவேற்கின்றன. உள்ளே டச்சு எழுத்தில் பொறித்த கல்லறைகள். கல்லில் செதுக்கிய எழுத்து அப்படியே இருக்கிறது, படிக்கத்தான் ஊரில் ஆள் இல்லை.

கல்லைவிடக் கெட்டியாக இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். சொற்கள்!

'துட்டு' என்கிறோமே, அது டச்சுக்காரனின் 'டாய்ட்' என்ற செப்புக்காசு. 'கக்கூஸ்' என்கிறோமே (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்), அது அவனுடைய 'கக்ஹாய்ஸ்'. 'ஹாய்ஸ்' என்றால் வீடு. முன்பாதிக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. இருநூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, வரவுக்கு ஒரு பேர், செலவுக்கு ஒரு பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் மனுஷன்!

மூன்றாவது சொல்தான் நம் பம்பளிமாஸ். டச்சு மொழியில் 'பொம்பல்மூஸ்'. பிரெஞ்சில் 'பம்ப்ளமூஸ்'. இங்கேதான் வழக்கு ஆரம்பம். ஒரு கட்சி சொல்கிறது: டச்சுக்காரன் பூசணிக்காய்க்குச் சொல்லும் 'பொம்பூன்' என்ற சொல்லையும், போர்ச்சுக்கீசியர்கள் எலுமிச்சைக்குச் சொல்லும் 'லிமோயிஸ்' என்ற சொல்லையும் ஒட்டவைத்து 'பூசணி எலுமிச்சை' என்று பேர் வைத்தான், அது தமிழுக்கு வந்தது. இன்னொரு கட்சி சொல்கிறது: கிடையாது, தமிழன் சொன்ன 'பம்பளிமாசு'தான் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது.

யார் பக்கம் தீர்ப்பு? அகராதிக்காரர்களே இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பூசணி எலுமிச்சைக் கட்சிக்கு ஒரு ஓட்டு அதிகம். பழத்தைப் பார்த்தால் அப்படித்தானே சொல்லத் தோன்றுகிறது? ஆனால் ஒன்று. வடக்குக் கரையில் தெலுங்கர்கள் இதை 'பம்பர பனஸ' என்கிறார்கள். பனஸ என்றால் பலா. ஒரே ஏரி. தெற்குக் கரையில் அது எலுமிச்சைக்கு அண்ணன். வடக்குக் கரையில் பலாவுக்குத் தம்பி!

வங்காளத்தில் போய்க் கேளுங்கள். 'பாதாபி லேபு' என்பார்கள். 'லேபு' எலுமிச்சை. 'பாதாபி'? சாட்சாத் பட்டேவியாதான்! துணி ஏற்றிக்கொண்டு போன கப்பல்கள் திரும்பி வந்த அதே திசை. தென்கிழக்கு ஆசியாதான் இந்தப் பழத்தின் பூர்வீகம் என்பதால் பெயர் பொருந்துகிறது. (வங்காளத்துக் குட்டிப் பையன்கள் பந்து வாங்கக் காசில்லாத நாளில் இதை வைத்துத்தான் ஃபுட்பால் ஆடினார்கள் என்பது உபரித் தகவல்.)

சென்னையில் ஒரு பழக்கடையில் பேரம் பேசி ஒன்று வாங்கி, வலைப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பழவேற்காடு போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன். கண்டக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார். "அது இன்னா சார், ஆஃப் டிக்கெட்டா?" என்றார்.

படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பையைப் பார்த்ததும் தலை நிமிர்ந்தார்.

"இன்னா தம்பி, பம்பளிமாசா? பாத்து எம்மாம் வருசம் ஆவுது!"

"தெரியுமாண்ணே உங்களுக்கு?"

"தெரியாம? சின்னப் புள்ளையில தின்னுக்கிறேன். எங்க வூட்டுக்காரி அந்தாண்டக் கரை. அதுங்க பம்பர பனசம்பாங்க. கண்ணாலம் ஆன புதுசுல இதுக்கே ஒரு சண்டை!"

வலைக்கத்தியால் அவரே உரித்தார். பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை அது. மேலே தொப்பி மாதிரி ஒரு வெட்டு. அப்புறம் மேலிருந்து கீழாக ஆறேழு கீறல், சுளையைத் தொடாத ஆழத்துக்கு. பிறகு விரலைக் கொடுத்து இதழ் இதழாகப் பிரித்தால் தாமரை விரிகிற மாதிரி விரிகிறது. உள்ளே வெள்ளைப் பஞ்சு மெத்தையில் சுருண்டு படுத்திருக்கிறது பழம்.

அவசரக்காரர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆரஞ்சைப் போலத் தோலோடு சுளையை வாயில் போட்டால் கசக்கும். அந்தக் கசப்புக்கு 'நரிஞ்சின்' என்று பெயர். தோலிலும், வெள்ளைப் பஞ்சிலும், சுளையைச் சுற்றிய சவ்விலும்தான் அது அதிகம். ஒவ்வொரு சுளையின் முதுகையும் கிள்ளி, சவ்வைச் சட்டை கழற்றுவது போலக் கழற்றிவிட வேண்டும். உள்ளே இருப்பது முத்து முத்தாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிற சதை. ஆரஞ்சு மாதிரி கையில் ஒழுகாது. பல்லில் பட்டால்தான் உடையும். சாறு அப்போதுதான் வெளியே வரும். வெள்ளைச் சதையும் உண்டு, ரோஜா நிறமும் உண்டு. புளிப்பா, இனிப்பா என்று கேட்டால், மரத்துக்கு மரம் பதில் வேறு. இந்த 'மரத்துக்கு மரம் வேறு' என்பதில்தான் விஷயமே இருக்கிறது, வருகிறேன்.

பெரியவர் மீனுக்கு வைத்திருந்த உப்பையும் மிளகாய்த் தூளையும் தொட்டு நாலு சுளை உள்ளே தள்ளினார். "இப்படித் தின்னாத்தான் இதுக்கு மருவாதி" என்றார். தாய்லாந்துக்காரர்கள் இதையே மிளகாய், கருவாட்டு இறால் எல்லாம் போட்டு சாலட் பண்ணி ஸ்டார் ஹோட்டலில் விற்கிறார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ராயல்டி கேட்டிருப்பார்.

கொஞ்சம் ஜாதகம் பார்க்கலாம். எலுமிச்சைக் குடும்பத்திலேயே மிகப் பெரிய பழம் இதுதான். சாதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டு கிலோ. ஜப்பானில் 'பான்பெய்யு' என்ற ரகம் ஐந்து கிலோவையும் தாண்டியிருக்கிறது. தோல் மட்டுமே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனம். வாங்கின எடையில் பெரும் பங்கு குப்பைக்குப் போகிறதே என்று வயிறெரிகிறவர்களுக்கு ஒரு ஆறுதல். அந்தத் தோலை ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஏன்? பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூணாவது மாடி மொட்டை மாடியிலிருந்து, போட்டால்கூடப் பழம் உடைவதில்லை. தோலுக்குள் இருக்கும் பஞ்சு, வெளியே நெருக்கமாகவும் உள்ளே போகப் போகத் தளர்வாகவும் இருப்பதால் அடியை வாங்கிக்கொள்கிறது. இதே அமைப்பில் உலோக நுரை செய்து பாதுகாப்புச் சாதனங்கள் தயாரிக்க முடியுமா என்று பார்த்தார்கள். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டும் இளைஞர்கள் கவனிக்கவும்: பம்பளிமாஸ்கூடத் தலையில்தான் போட்டுக்கொண்டிருக்கிறது!

அந்தத் தடித்த தோலினால் இன்னொரு சௌகரியம். பறித்த பிறகு வாரக்கணக்கில் ஐஸ் பெட்டி இல்லாமலே தாங்கும். மாதக்கணக்கில் கடலில் கிடந்த காலத்துக் கப்பல்காரனுக்கு இது எப்படிப்பட்ட வரம் என்று யோசியுங்கள். அப்போது கடலில் பீரங்கியைவிட அதிகம் பேரைக் கொன்றது ஸ்கர்வி என்ற நோய். ஈறு வீங்கும், பல் ஆடும், பழைய காயம் திறந்துகொள்ளும், அப்புறம் ஆளே போய்விடுவான். காரணம் வைட்டமின் சி இல்லாத சாப்பாடு. டச்சுக்காரர்கள் 1652-ல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தோட்டம் போட்டதே வழியில் கப்பல்களுக்குக் காய்கறியும் பழமும் கொடுக்கத்தான். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பற்படை டாக்டர் பன்னிரண்டு நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று எழுந்து நடமாடினார்கள். பம்பளிமாஸில் நூறு கிராமுக்கு அறுபது மில்லிகிராம் போல வைட்டமின் சி இருக்கிறது. கலோரியோ நாற்பதுக்கும் கீழே. தொப்பை விழுந்த செக்ஷன் ஆபீசர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது வம்சாவளி. எலுமிச்சைக் குடும்பத்தில் இன்று கடையில் கிடைக்கிற பழங்களில் பெரும்பாலானவை கலப்பு மணத்தில் பிறந்தவை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில காட்டு மூதாதைகள்தான் ஆதி. அதில் ஒன்று பம்பளிமாஸ். இன்னொன்று கமலா வகையைச் சேர்ந்த மேண்டரின். இந்த இரண்டு குடும்பமும் சம்பந்தம் பண்ணி, அப்புறம் திரும்பவும் உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்கிப் பிறந்ததுதான் நாம் ஜூஸ் குடிக்கிற ஆரஞ்சு. மரபணுவைப் பிரித்துப் பார்த்து 2014-ல் விஞ்ஞானிகள் இதை உறுதி செய்தார்கள். தாய் வழி எது தெரியுமா? பம்பளிமாஸ்! ஆக, ஜூஸ் கடையில் வரிசையாக அடுக்கியிருப்பதெல்லாம் பேரப்பிள்ளைகள். பாட்டி வீட்டைவிட்டு வெளியே நிற்கிறாள்.

பேரப்பிள்ளைகளில் ஒன்று வெளிநாட்டில் செட்டில் ஆனது. ஷாடாக் என்ற கப்பல் கேப்டன் ஒருவர் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து பம்பளிமாஸ் விதையைக் கொண்டுபோய் மேற்கிந்தியத் தீவான பார்படோஸில் விட்டார் என்று 1707-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் இங்கிலீஷில் பழத்துக்கே 'ஷாடாக்' என்று ஒரு பெயர். அங்கே அது ஆரஞ்சோடு தானாகக் கலந்து பிறந்த குழந்தைதான் கிரேப்ஃப்ரூட். முதலில் அதற்கு வைத்த பெயர் 'விலக்கப்பட்ட கனி'. ஆதாம் ஏவாள் கதையில் வருமே, அது!

அது ஆப்பிள் அல்லவா என்று கேட்பீர்கள். ஐரோப்பியனுக்குத் தெரிந்த பழம் ஆப்பிள் ஒன்றுதான். புதுசாக எதைப் பார்த்தாலும் அவன் வாயில் ஆப்பிள் என்றுதான் வரும். அன்னாசி அவனுக்குப் 'பைன் ஆப்பிள்'. சீத்தாப்பழம் 'கஸ்டர்டு ஆப்பிள்'. விளாம்பழம் 'வுட் ஆப்பிள்'. டச்சுக்காரன் ஆரஞ்சுக்கு வைத்த பெயர் 'சினாஸ் ஆப்பல்', சீனத்து ஆப்பிள். உருளைக்கிழங்கு 'ஆர்ட் ஆப்பல்', மண் ஆப்பிள்! 'பொமேலோ' என்ற இங்கிலீஷ் பேருக்கும்கூட ஆப்பிளையும் முலாம்பழத்தையும் சேர்த்துச் சொன்னது என்று ஒரு வியாக்கியானம் உண்டு.

பெயரில் மட்டும் இல்லை, குணத்திலும் ஆப்பிளும் பம்பளிமாஸும் ஒரே கட்சி. இரண்டுமே விதையை நம்பி மோசம் போக வைக்கிற மரங்கள்.

எப்படி? நல்ல இனிப்பான பம்பளிமாஸ் ஒன்று சாப்பிடுகிறீர்கள். விதையை எடுத்து வீட்டுப் பின்னால் போடுகிறீர்கள். முளைக்கும். பல வருஷம் தண்ணீர் ஊற்றி, ஆட்டிடமிருந்து காப்பாற்றி, கடைசியில் காய்த்தால்... வாயில் வைக்க முடியாத கசப்பாகவும் இருக்கலாம். தேனாகவும் இருக்கலாம். உத்தரவாதம் இல்லை. ஆரஞ்சு விதையிலாவது பெரும்பாலும் தாயின் அச்சு அசலான கன்று முளைத்துவிடும். பம்பளிமாஸ் விதைக்குள் இருப்பது ஒரே ஒரு கரு. அதுவும் மகரந்தச் சேர்க்கையில் பிறந்த கரு. அதிலும் இந்த மரம் தன் பூவின் மகரந்தத்தையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளாது. வேற்று மரத்து மகரந்தம்தான் வேண்டும். அப்பா யார் என்று வண்டுக்குத்தான் தெரியும்! ஆகவே பிள்ளை அம்மாவைப் போல இருக்காது.

ஆப்பிளிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் சமையலுக்குப் பேர் போன ஆப்பிள் 'பிராம்லி'. 1809-ல் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சின்னப் பெண் தொட்டியில் போட்ட விதை. தற்செயலாக அற்புதமான மரம் வந்தது. பின்னால் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்கடைக்காரர் மேத்யூ பிராம்லி, "ஒட்டுக் கட்டி விற்றுக்கோ, ஆனா என் பேரு இருக்கணும்" என்றார். விதை போட்டவள் ஒருத்தி, பேர் வாங்கினவர் ஒருத்தர். (நம் ஆபீஸ் மாதிரியே!) இன்று உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு பிராம்லி மரமும் அந்த ஒரே மரத்தின் கிளை. அந்தத் தாய் மரத்தைத் தேன் காளான் நோய் பிடித்தபோது ஊரே துக்கம் கொண்டாடியது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் திசு வளர்ப்பு முறையில் நகல் கன்றுகள் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் ஒரு மரத்துக்கு இவ்வளவு செய்கிறார்கள். நம் பக்கம் என்ன நடந்தது?

பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளி. திப்பு சுல்தான் பிறந்த ஊர். அந்த மண்ணில் ஒரு பம்பளிமாஸ் ரகம் உண்டு. கன்னடத்தில் 'சக்கோத்தா'. மற்ற இடத்துப் பழங்களில் இருக்கும் அந்தக் கசப்பு இதில் இல்லை, இனிப்பு தூக்கலாக இருக்கும் என்பதுதான் அதன் புகழ். வீட்டுக் கொல்லையிலும் தோட்டத்து வரப்பிலும் தலைமுறை தலைமுறையாக நின்ற மரங்கள். 2008 மே மாதம் பெங்களூரின் புது விமான நிலையம் திறந்தது அதே தேவனஹள்ளியில்! விமான நிலையத்துக்கு மட்டும் நாலாயிரம் ஏக்கர். சுற்றி இருந்த நிலமெல்லாம் சதுர அடிக் கணக்கில் பேசத் தொடங்கியது. சதுர அடிக்கு விலை வந்த பிறகு, வருஷத்துக்கு நூறு பழம் கொடுக்கிற மரத்துக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? தோட்டங்கள் லே-அவுட் ஆயின. மரங்கள் விறகு ஆயின.

முற்றிலும் ஒழிந்துபோவதற்குள் விழித்துக்கொண்டார்கள். 'தேவனஹள்ளி பொமேலோ' என்று புவிசார் குறியீடு வாங்கினார்கள். நம் மதுரை மல்லிக்கும் சிறுமலை வாழைக்கும் இருக்கிற அதே முத்திரை. முத்திரை பேரைக் காப்பாற்றும், மரத்தைக் காப்பாற்றாது. அந்த ஊர்ப் பேரை இன்னொருவர் திருடி விற்க முடியாது என்பதுதான் சட்டம். அந்த ஊரில் மரம் இருந்தாக வேண்டும் என்று சட்டத்தில் எந்த ஷரத்தும் கிடையாது.

பரம்பரைச் சொத்து எப்படித் தங்கும் என்பதற்குப் பழவேற்காட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பெயரே 'பாடு'. ஏரியின் முகத்துவாரப் பக்கம் இறால் வலை கட்டுகிற இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் என்ற மூன்று ஊர்க்காரர்களும் குலுக்கல் முறையில் பங்கிட்டுக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் எனக்கு, அடுத்த முறை உனக்கு. உரிமை அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். முகத்துவாரம் மணல் மூடுகிறது, துறைமுகம் வருகிறது, இறால் குறைகிறது, பங்கு கேட்டு மற்ற ஊர்களோடு தகராறும் உண்டு. ஆனாலும் அந்தப் பாடு இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு ஒரே காரணம், தினம் அதை வைத்து அடுப்பு எரிகிறது. டச்சுக் கோட்டை போய்விட்டது, பாடு நிற்கிறது.

பம்பளிமாஸை வைத்து யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அதுதான் சிக்கல். ஒவ்வொரு நல்ல மரமும் தனி ரகம். அதற்கு ஒட்டுக் கன்று எடுக்காமல் மரத்தை வெட்டினால் அந்த ருசி உலகத்தில் வேறு எங்கேயும் இருக்காது. 'விதை இருக்கே, போட்டுக்கலாம்' என்று சொல்ல முடியாது. உங்கள் தாத்தா வீட்டுக் கொல்லையில், சித்தி வீட்டுக் கிணற்றடியில், "அது சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்று ஒரு மரத்தைச் சொல்கிறார்களே, அது அந்த வம்சத்தின் கடைசி ஆளாக இருக்கலாம்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி, வருஷக் கடைசி வரை வரும். அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். கையில் தூக்கிப் பாருங்கள். பார்வைக்குச் சின்னது, தூக்கினால் கனம் என்றால் அதுதான் சாறுள்ள பழம். பெரிசாக இருந்து லேசாக இருந்தால் உள்ளே பஞ்சுதான் (சில மேனேஜர்களைப் போல). வாங்கி ஒரு வாரம் கூடத்தில் வைத்தால் தோல் லேசாகச் சுருங்கும், இனிப்பு கூடினாற்போல இருக்கும்.

வீட்டில் ரத்த அழுத்தத்துக்கோ கொலஸ்ட்ராலுக்கோ மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால், டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1989-ல் கனடாவில் பெய்லி என்ற ஆராய்ச்சியாளர், ஒரு ரத்த அழுத்த மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார். மதுவின் ருசி தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்து கொடுத்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு எக்கச்சக்கமாக ஏறியது. காரணம் மது இல்லை, ஜூஸ்! குடலில் மருந்தை உடைக்கிற நொதியை அந்தப் பழத்தில் இருக்கும் ஒரு பொருள் முடக்கிவிடுகிறது. அம்மா வழிச் சொத்தாக அந்தப் பொருள் பம்பளிமாஸிலும் இருக்கிறது. எல்லா மாத்திரைக்கும் இந்தத் தொல்லை கிடையாது, சிலதுக்கு உண்டு.

நல்ல மரம் ஒன்று உங்களுக்குத் தெரிந்து எங்கேயாவது நிற்கிறதா? பதியம் போடுவது அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மழைக்காலத்தில், பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமனான, நோயில்லாத கிளையாகப் பாருங்கள். கணுவுக்குக் கீழே ஓர் அங்குல அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை மோதிரம் மாதிரி உரித்து எடுங்கள். உள்ளே வழவழவென்று இருக்கும் பச்சைப் படலத்தையும் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டை திரும்ப மூடிக்கொள்ளும். நனைத்துப் பிழிந்த தென்னை நார்க் கழிவை ஒரு பிடி அதன்மேல் வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தாளுக்குள் வெள்ளையாக வேர் ஓடுவது வெளியிலிருந்தே தெரியும். கட்டுக்குக் கீழே வெட்டி, தாளைப் பிரித்து, தொட்டியில் வைத்து நிழலில் ஒரு மாதம். அப்புறம் தரையில்.

மரத்துக்குச் சொந்தக்காரர் சித்தப்பாவாக இருந்தால், வெட்டுகிற ஆள் வருவதற்கு முன்பே போய்விடுங்கள்.